துணி அவிழ்ந்த சைக்கிள்

என் உசுரான அப்பாவுக்கு,

இன்று உனக்குப் பதினாறாம் நாள் காரியம். அம்மாவின் அண்ணன் கன்னியப்பன் மாமா மண்ணூரிலிருந்து முதல் ஆளாக வந்து பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் உள்ளே வந்து பேப்பரை எடுத்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் நம் சைக்கிள் கடை. வேலை முடியாத வண்டியின் ஹேண்டில்பாரில் பழைய பனியன் துணியைக் கட்டிவிடுவாய். துணி இருந்தால் யார் கேட்டாலும் எடுக்கக் கூடாது. வாடிக்கைக்காரர்களுக்கும் அது தெரியும்.

அன்றைக்கு மாமா வண்டியின் முன்வீல் கோணலை நிமிர்த்தி, பெண்டு எடுத்து மாட்டினாய். நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டுச் சாப்பிடப் போனாய். எனக்குப் பத்து வயது. ஐஸ் தின்ற கை பிசுபிசுத்தது. அந்தத் துணியை அவிழ்த்துத் துடைத்தேன். திரும்பக் கட்டவில்லை.

மாமா வந்தார். "ஆயிடுச்சா கண்ணு?" என்றார். தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

ஹைவேஸ் மேட்டில் வீல் கழன்றது. நல்லவேளை பின்னால் லாரி வரவில்லை, மாமாவுக்கு முழங்கை முறிந்ததோடு போயிற்று. "துணி கட்ட மறந்துட்டேன் மச்சான்" என்று எல்லார் முன்னாலும் நீ கையைக் கூப்பினாய். நான் கடைக்குள் பம்ப்புக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அதற்கப்புறம், கொடுத்த வண்டியைக்கூட ஓடிப்போய் நிறுத்தி நட்டைத் தொட்டுப் பார்ப்பாய். "இன்னாப்பா, உன் கைய நீயே நம்பமாட்டியா?" என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். நீயும் சிரித்தாய்.

கடை இருந்த இடத்தில் இப்போது கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் லாட்ஜ். நான் இருங்காட்டுக்கோட்டை கம்பெனி ஒன்றில் பேக்கிங் லைனில் நிற்கிறேன். வேலை முடியாத பீஸில் சிவப்பு டேக் தொங்கும். அதைக் கழற்றும் வேலை வந்தால் பக்கத்தில் நிற்பவளிடம் தள்ளிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூடக் கேட்டாயே: "அன்னைக்குத் துணி கட்னேனா இல்லியா, ஞாபகமே வரமாட்டேங்குதும்மா." தண்ணீர் கொடுத்தேன்.

வெளியே மாமா கோணல் முழங்கையைக் காட்டிப் பேசுவது கேட்கிறது. "தங்கமான மனுஷன். இன்னா, ஒரே ஒரு நட்ட மறந்துட்டாரு." சிரிக்கிறார்கள்.

நீ மறக்கவில்லை அப்பா. இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாய். பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

இதோ பந்தலுக்குப் போகிறேன். மாமா என்னை அடித்தாலும் சரி, சாப்பிடாமல் எழுந்து போனாலும் சரி. இலை போடுவதற்குள் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுவேன்.

முப்பது வருஷம் வாயைத் திறக்காத
உன் மகள் தேவகி