எட்வின் கையும் ஏறாத பேட்சும்

12, சனி. காலையிலிருந்து தூறல்.

பகல் பதினொன்றரைக்கு, என் பூச்சிமருந்துக் கடையில், எட்வினின் வலது கையை ஷட்டர் இழுக்கும் கம்பியால் அடித்து ஒடித்தேன். ஓர் அடிதான். மணிக்கட்டுக்கு மேலே. சுள்ளி முறிகிற சத்தம். கவுண்டரில் ஆறு பேர்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் உளறக் கூடாது.

எட்வின்: நாலு வருடமாக என் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறான்.

வியாழன்: பில் போடும் சாஃப்ட்வேருக்குக் கம்பெனியின் புதுத் திருத்தம், பேட்ச், வந்தது. ஏற்றினால்தான் இனி பில். ரயிலுக்கு முன்னால் வந்து ஏற்றினான். 72 சதவீதத்தில் நின்றது, பழையபடி பின்னால் போனது. அதோடு பில் திரையும் போச்சு. ராபர்ட்சன்பேட்டைக் கடை, பேத்தமங்களா கிளை, இரண்டிலும்.

வெள்ளி: பெங்களூரிலிருந்து பென்டிரைவில் பேட்ச் கொண்டு வந்தான். டிஸ்கில் இடம் காலி செய்தான். ஆன்டிவைரஸ் நிறுத்தினான். ரீஸ்டார்ட் நாலு முறை. 72, 72, 72, 72.

சனி: வந்து உட்கார்ந்து, சர்வர் எழுதி வைக்கும் பிழைக் குறிப்பை முழுக்கப் படித்தான். வெளியே விவசாயிகள். பேத்தமங்களா முனியண்ணா கத்தினார்: “பில்லு அப்றம் குடுப்பா, மொதல்ல மருந்த குடு! தோட்டத்த புழுவுக்கு எழுதி வெச்சிட்டேனா நானு?”

எட்வின் உள்ளேயிருந்து சிரித்தபடி குரல் கொடுத்தான். “அண்ணே, பேட்ச் மேல தப்பே இல்ல. சர்வரு தேதி...”

அந்த இடத்தில் அடித்தேன்.

விழும்போது வாய் மேசையில் மோதி உதடு கிழிந்தது. கீபோர்டெல்லாம் ரத்தம். முனியண்ணா கம்பியைப் பிடுங்கினார். பிடுங்காவிட்டால் அடுத்தது தலையில். சந்தேகமே இல்லை.

கஸ்தூரி சோறு வைத்தாள். தண்ணீர் வைக்கவில்லை. “உங்க பொண்டாட்டின்னு தெருவுல நடக்க முடியல” என்றாள்.

13, ஞாயிறு. வெயில். முழங்கால் வலி.

கடை லீவு. தனியாகப் போனேன். கீபோர்டை டெட்டால் தொட்டுத் துடைத்தேன். கட்டைகளுக்கு நடுவே இருந்தது போகவில்லை. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி எடுத்தேன்.

இங்கே உண்மை எழுதலாம். சர்வர் தேதியை மூன்று மாதம் பின்னால் தள்ளியது நான். புதன் சாயங்காலம். காலாவதியான மருந்து பதினோரு பெட்டி. இன்றைய தேதியில் சாஃப்ட்வேர் சிவப்பு காட்டும், பில் போட விடாது. தேதி பின்னால் போனால் விடும். வாங்கப்போகிறவர்கள் பெயரில் பதினோரு பில்லும் முன்கூட்டியே போட்டேன். தேதியைத் திருப்ப மறந்தேன். திரை மூலையில் மணி மட்டும்தான் தெரியும். அது சரியாக ஓடியது. எவனும் கவனிக்கவில்லை.

பேட்சில் கம்பெனியின் முத்திரை உண்டு. இந்த மாதத்து முத்திரை. மூன்று மாதம் பின்னால் நிற்கிற சர்வருக்கு அது இன்னும் செல்லாத முத்திரை. போலி என்று துப்பிவிட்டது.

எட்வின் வாயில் ‘தேதி’ வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபத்தில் அடித்தேன் என்று கஸ்தூரியிடம் சொன்னேன். பொய். முனியண்ணா பெயரில் இரண்டு பெட்டி போட்டிருந்தேன். அவர் மூன்றடி தூரத்தில் நின்றார். அந்த வாயை மூட வேண்டும். கம்பி கையில் இருந்தது.

தேதியைச் சரி செய்தேன். பேட்சை மறுபடி ஏற்றினேன். பத்தொன்பது நிமிடம். 72 தாண்டி 100.

திரையை உடைக்கத் தோன்றியது. சுவரில் குத்தினேன். நாலு விரல் முட்டியும் கிழிந்தன. வாங்க: பஞ்சு, தீப்பெட்டி, மோட்டாருக்கு பெல்ட்.

14, திங்கள். மேகம்.

எட்வினின் அக்கா ஸ்டெல்லா கடை வாசலில் வந்து நின்றாள். கூட்டம் நிறைய.

“இன்னா நைனா, கம்பியாலதான் பேட்ச் போடுவியா? எங்களுக்கும் கத்துக் குடு.”

“உள்ள வாம்மா, பேசிக்கலாம்.”

“உள்ள வந்தா எந்தக் கைய ஒடிப்ப?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கழுத்தைப் பிடிக்கக் கை பரபரத்தது. இரண்டு கையையும் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

போனைக் காட்டினாள். பிழைக் குறிப்பின் படம். கூடவே பதினோரு பில்லின் படம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே, இடது கையால், போன் வழியாக என் சர்வருக்குள் போய் எட்வின் எடுத்திருக்கிறான்.

“போலீஸ் ஸ்டேஷனா, லைசென்ஸ் ஆபீஸா? எங்க மொதல்ல போவணும், நீயே சொல்லு. நாளைக்கு வூட்டுக்கு வா.”

லைசென்ஸ் போனால் எல்லாம் போச்சு. சைக்கிளில் தெளிப்பான் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவன் நான். ஒருத்தனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. மதியம் சாப்பிடவில்லை.

15, செவ்வாய். காற்று.

காலையில் கோரமண்டல், எட்வின் வீடு. முழங்கையிலிருந்து விரல் வரை பிளாஸ்டர். உதட்டில் மூன்று தையல். பணக் கவரை நீட்டினேன். ஸ்டெல்லா பிடுங்கித் தெருவில் எறிந்தாள். நானே போய்ப் பொறுக்கினேன். பக்கத்து வீட்டார் பார்த்தார்கள்.

எட்வின் மெதுவாகப் பேசினான். தையல் இழுக்கிறது.

“அண்ணே, சர்வருக்குள்ள சின்னதா ஒரு பேட்டரி செல் கீது. அது தீந்துட்டா தேதி பின்னாடி போயிடும். செல்ல மாத்தணும்னுதான் சொல்ல வந்தேன்.”

பொறுக்கிய கவரைச் சட்டைப் பையில் வைத்தேன்.

“உங்க மேல சந்தேகமே வரல. அடிச்சீங்க பாருங்க, அப்புறந்தான் இன்னாத்துக்கு அடிச்சாருன்னு பில்லுங்கள தொறந்து பாத்தேன்.”

அடிக்காமல் இருந்திருந்தால் ஒரு செல் மாற்றி, காபி குடித்துவிட்டுப் போயிருப்பான்.

பேசி முடித்தது:

பதினோரு பில்லும் ரத்து. பெட்டிகள் கம்பெனிக்குத் திரும்பும். முனியண்ணாவிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும்.

சர்வர் பாஸ்வேர்ட் இனி எட்வினிடம் மட்டும்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என்னுடையது.

போலீஸ், லைசென்ஸ் ஆபீஸ் இரண்டுக்கும் அவர்கள் போக மாட்டார்கள்.

கடைசியாக ஸ்டெல்லா சேர்த்தது: பிளாஸ்டர் எடுக்கிற வரை, ஆறு வாரம், காலை ரயிலில் எட்வின் பையைச் சுமக்க வேண்டும். “ஆள் அனுப்புறேன்மா” என்றேன். “ஆளு இல்ல. நீ.” கோரமண்டல் பிளாட்பாரத்திலிருந்து பெங்களூர் ஆபீஸ் கேட் வரை. சீட் கிடைத்தால் அவனுக்கு. நான் நின்றுகொண்டு வர வேண்டும். ஒப்புக்கொண்டேன்.