சொறித்தவளையின் பால்

அம்மா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, அப்பாவிடம்கூட வேண்டாம். உன் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

என் முகப்பருவைப் பார்த்து, விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி என்னைச் "சொறித்தவளை" என்கிறாள். அவள் படுக்கையில் விடுவதற்காக, நேற்று குளியலறைக்குப் பின்னால் நிஜச் சொறித்தவளை ஒன்றை வாளியில் பிடித்தேன். மண் நிறம், உடம்பெல்லாம் மரு, கண்களுக்குப் பின்னால் இரண்டு தடித்த மேடுகள். தொட்டதும் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு, காலை ஊன்றி நின்றது. பயந்துபோய் வாளியைக் கவிழ்த்துவிட்டேன். விடுதி நாய் ஓடிவந்து அதைக் கவ்வியது. மேடுகளிலிருந்து பால் போல நஞ்சு வடிந்தது. நாய் அதைத் துப்பிவிட்டு, நுரை தள்ளி விழுந்தது. தவளை சாவகாசமாக நடந்து போனது. நாயும் பிழைத்துவிட்டது.

ஆனால் வார்டன், கூட்டிப் பெருக்கும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"எலி மருந்து வச்சது நீதானே? இந்த மாசத்தோட நின்னுக்கோ."

"சத்தியமா நான் வைக்கலம்மா."

நான் பக்கத்தில்தான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அக்கா முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. நீ வார்டனுக்குப் போன் செய்து சொல்லிவிடேன். பருவுக்குக் களிம்பும் அனுப்பு.

கதவைத் தட்டுகிறார்கள்.

"பாப்பா, இன்னும் தூங்கலையா? உடம்பு சரியில்லையா?"

அந்த அக்காதான். அம்மா, நீ போன் செய்ய வேண்டாம், நானே