"பிரெஞ்சு சார்" என்றாய்

இன்று காலை முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து நாம் தேய்த்துக்கொண்ட அதே காரமான வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்றால் அழுகை கிழுகை ஒன்றும் இல்லை. போன மாதம் பெரிய மார்க்கெட் வாசலில் உன் அக்கா என்னை நிறுத்தி, பிரான்சில் பட்டாளத்து லாரி கவிழ்ந்து நீ போய்விட்டாய், அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள் என்று சொன்னபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "அப்படியாக்கா" என்றேன். அவர் அழுதார், நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் மீன் வாங்கிக்கொண்டு சாரம் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். அன்று குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மரத்துப்போவது என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

நம் காலேஜில் பாஸ்கெட்பாலுக்குக் கோச் என்று யாரும் கிடையாது. பி.டி. சார் பந்து அறையின் சாவியைக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் பேப்பர் படிப்பார். அந்தச் சாவிக்காக அவரோடு சண்டை போடத் துணிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். ஆட்டக்காரன் நீ. நீ எம்பினால் இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்வாய். எவ்வளவு வேகமாக எறிந்தாலும் பந்து உன் கையில் சத்தமில்லாமல் வந்து உட்காரும். பார்க்காமலே பாஸ் கொடுப்பாய், அது வாங்குகிறவன் மூக்கில் பட்டால் அவனைத்தான் திட்டுவாய்.

உன் குறைகளை உன் முகத்துக்கு நேரே சொன்னவனும் நான்தான். உனக்கு இடது கை என்று ஒன்று இருப்பதே தெரியாது. வலது பக்கம் ஒருத்தன் மறித்தால் உன் கதை முடிந்தது. பந்தைப் போட்டுவிட்டு அது வளையத்துக்குள் விழுகிறதா என்று கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்று வேடிக்கை பார்ப்பாய். அதற்குள் எதிராளி நம் பக்கம் போய்ப் போட்டுவிடுவான்.

"எல்லாத்தையும் நானே திருத்திக்கினா அப்புறம் நீ எதுக்குடா கேப்டனு?" என்றாய்.

ஆனால் திருத்திக்கொண்டாய். அந்தக் கோடை லீவு முழுவதும் உன் வலது கையைத் துண்டால் முதுகோடு கட்டிவிட்டு ஆடவிட்டேன். வீட்டிலும் இடது கையால்தான் கதவைத் திறக்க வேண்டும், தலை வார வேண்டும் என்று சொல்லியிருந்தேன். டீக்கடையில் இடது கையால் காசை நீட்டினாய். "பீச்சாங்கையால நீட்றியே, சோத்துக்கைக்கு இன்னா வந்துச்சு?" என்று கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். நீ என்னைக் காட்டி, "இவன்தாங்க வேணாம்னான்" என்றாய். பந்து உன் கையை விட்டதும் நான் "ஓடு" என்று கத்துவேன். மழைக்காலம் முடிவதற்குள் நான் கத்த வேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது.

இவ்வளவும் ஒரே ஒரு பனியனுக்காக. நெஞ்சில் பாண்டிச்சேரி என்று எழுதிய பனியன். வெளியூர்ப் போட்டிக்குப் போகிற பாண்டிச்சேரி டீமில் நம் காலேஜிலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. "ஒரே ஒரு தடவ அத்தப் போட்டுக்கினு எங்க தெருவுல நடக்கணும்டா" என்று நீ சொன்னது விளையாட்டுக்கு அல்ல. உன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

செலெக்‌ஷன் அன்று உன்னைப் போல யாரும் ஆடவில்லை. வலது பக்கத்தை இரண்டு பேர் அடைத்தார்கள், நீ இடது கைக்குப் பந்தை மாற்றிக்கொண்டு போய்ப் போட்டாய். போட்டதும் திரும்பி ஓடினாய். முதல் பெயராக உன் பெயரைத்தான் படித்தார்கள். நான் விசிலடித்தேன். அப்புறம் மேஜையில் இருந்தவர் ஊர், வயசு எல்லாம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்தியன்தானே?" என்றார்.

"பிரெஞ்சு சார்" என்றாய், வீட்டு நம்பரைச் சொல்வது போல.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நமக்கு அது தோன்றவே இல்லை, பார். வேறு ஊர்க்காரன் யாரும் இப்படி மறந்திருக்க மாட்டான். பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது உங்கள் வீட்டில் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய்; அங்கேயிருந்து பென்ஷன் வருகிறது, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினமான ஜூலை பதினாலு அன்று மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போகிறார். எங்கள் அப்பா மில்லுக்குப் போகிறார். ஒரே தெரு, ஒரே குழாய்த் தண்ணீர். இதில் எவன் எந்த நாடு என்று யார் நினைத்தார்கள்? இந்தியனாக மாறிக்கொண்டு வந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அவர், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

உங்கள் அப்பாவிடம் நானும் கூட வந்தேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, பந்து ஆடறதுக்காவ நாசியோனாலித்தேவ, பிரெஞ்சுக் குடியுரிமைய வுட்டுருவானா? நான் அதுக்காவத்தான் எங்கெங்கயோ போயி சுட்டேன், குண்டடிபட்டேன்" என்றார். பிறகு எனக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் நீ கேட்டாய். "கேப்டன், நீ சொல்லு. வுட்டுடட்டா?"

எங்கள் அப்பாவின் மில் அப்போது மூடிக் கிடந்தது. "வேணாம்டா. பிரான்சுல பட்டாளத்துல உனக்கு வேலை இருக்கு. போயிடு" என்றேன். இப்போது நீ வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வேறு எதைச் சொல்வது?

போனாய். ஒரு தடவை லீவில் வந்தாய், கொஞ்சம் வெளுத்து, வாசனை சோப்போடு. பட்டாளத்து டீமில் ஆடுவதாகச் சொன்னாய். இடது கையைப் பார்த்து அசந்துபோகிறார்களாம். "அங்க எனக்கு இன்னா பேரு தெரியுமா? இந்தியன். பேரச் சொல்லி ஒருத்தனும் கூப்பிடறதில்ல" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன், தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. செலெக்‌ஷன் மேஜையில் இப்போது நானும் ஒருத்தன். முட்டி போன ஆட்டக்காரனுக்கு அதுதான் இடம். "இந்தியன்தானே?" என்ற அந்தக் கேள்வியைக் கேட்கிற வேலை என்னுடையது. ஆடி முடித்த பிறகு கேட்பதில்லை என்று நானாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மைதானத்து வாசல் கேட்டிலேயே, ஷூ கயிறு கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு பையனாவது "பிரெஞ்சு சார்" என்கிறான். சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். சிலர் வந்ததற்கு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகட்டுமா என்று கேட்கிறார்கள். ஆடு என்கிறேன்.

அவன் ஆடி முடிக்கும்வரை நான் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.