வீட்டில் வைத்து நீங்கள் சொல்லாமல் விட்டது

அக்கா,

இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் என் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. உருட்டிக்கொண்டுபோய்ச் சந்தியில் இருக்கிற சைக்கிள் கடையில் விட்டேன். கடைக்கார அண்ணை ரியூப்பைச் சுரண்டிப்போட்டுச் சொலூசன் பூசினார். அந்த மணம் மூக்கில் ஏறினது. பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். அது நீங்கள் இருக்கிற வாங்கு.

உங்கள் சக்கர நாற்காலியைக் கவிழ்த்து வைத்து அவர் ஒட்டுப் போட, நீங்கள் அந்த வாங்கில் சுவரோடு சாய்ந்திருந்து அவரோடு அரசியல் கதைப்பீர்கள். றோட்டால் போகிறவர்களுக்கு, வேலை முடிந்ததும் எழும்பி நடந்து போகப்போகிற ஆள் மாதிரித்தான் தெரியும். "இந்த வாங்கிலை இருக்கேக்கை நானும் சும்மா ஒரு கஸ்டமர், பிள்ளை" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தீர்கள்.

அண்ணை அவவின்ரை நாற்காலிச் சில்லு வந்தால் அதைத்தான் முதலில் எடுத்துச் செய்வேன் என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு காற்று அடித்தார்.

பிறகு நண்டுக் கம்பனியில் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற நேரமெல்லாம் உங்களோடுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். கதைத்ததில் பாதியும் எழுத வராது. எழுதிப் பழக்கமில்லாத கை. நீங்கள் இருந்தால் பிழை பார்த்துத் தந்திருப்பீர்கள்.

நான் உங்களை அறியும்போது நீங்கள் தனியாகத்தான் இருந்தீர்கள். சண்டைக்கு இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வெடித்த செல்லின் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன கதையை நீங்கள் எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னீர்கள். கொழும்புத்துறை வீட்டை உங்கள் அப்பா உங்களுக்கென்றே எழுதிவைத்திருந்தார். கலியாணம் இல்லாத பிள்ளைக்கு என்னத்துக்குச் சீதன வீடு என்று சொந்தக்காரர் கேட்க, பெண்பிள்ளைக்கு வீடு, அவ்வளவுதான் என்றாராம். அந்த வீட்டின் றோட்டுப் பக்கத்து யன்னலில் நீங்கள் கடை நடத்தினீர்கள். சீனி, தேயிலை, சோப், போனுக்கு றீலோட். கம்பிக்குள்ளால் கை நீட்டிச் சாமான் கொடுக்கிறபோது உங்கள் குரல் அப்படி ஒரு மிடுக்காக இருக்கும்.

கம்பனிக்குப் போக முதல் காலையில் நான் வருவேன். கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, தூக்கி நாற்காலியில் இருத்துவேன். பொழுதுபட, அதே வளவில் வேறு வீட்டில் இருக்கிற உங்கள் தம்பியும் அவருடைய மனைவி, உங்கள் மச்சாளும் வந்து உங்களைக் கட்டிலில் போடுவார்கள். அதற்குப் பிறகு மற்றநாள் காலையில் நான் வருமட்டும் உங்களைத் தொட ஒருவருமில்லை. நீங்களாகப் புரளவும் முடியாது. எனக்கும் வீட்டில் பிள்ளைகள். இரவு தங்க ஏலாது.

மாற்றுத்திறனாளிகளுக்குப் புதிதாக ஒரு சட்டம் எழுதுகிறார்கள் என்று பேப்பரில் வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினீர்கள். "பழைய சட்டம் எங்களை வெளியிலை தள்ளக்கூடாது எண்டு சொல்லுது. வீட்டுக்குள்ளை ஆர் தூக்கிறது எண்டு சொல்லேல்லை." எங்கே இருப்பது, யாரோடு இருப்பது என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்; அப்படி இருக்கிறதுக்கு வீட்டுக்கு வந்து உதவ ஒரு ஆளை அரசாங்கம் தர வேண்டும்; இந்த இரண்டும் புதுச் சட்டத்தில் வர வேண்டும் என்று நின்றீர்கள். சட்டம் வந்து தூக்குமோ அக்கா என்று நான் பகிடியாகக் கேட்டேன்.

"அது தூக்காது. தூக்க வாற ஆளுக்குச் சம்பளம் குடுக்கும். பிறகு நீ நண்டு உடைக்கத் தேவையில்லை. எனக்கும் நண்டு மணக்கிற கையாலை முகம் கழுவத் தேவையில்லை."

கருத்துக் கேட்கிறார்கள் என்று ரவுனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நான் உங்களைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கொழும்பிலிருந்து வந்தவர் சிங்களத்தில் சொல்ல, ஒருவர் தமிழில் சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எங்கள் நாட்டில் குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கைவிடுவதில்லையே, அப்படியிருக்க வீட்டுக்கு ஆள் அனுப்பச் சட்டம் எதற்கு என்று கேட்டார். நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"ஓம் ஐயா, குடும்பம் இருக்கு. நல்ல குடும்பம். ஆனா நான் எப்ப படுக்கிறதெண்டு என்ரை மச்சாள்தான் முடிவெடுக்கிறா. ரீவியிலை அவவின்ரை நாடகம் துடங்க முந்தி நான் படுத்திடவேணும். உங்களை ஆரும் பகல் வெளிச்சத்தோடை படுக்கப் போடுறவையோ?"

சபை சிரித்தது. மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டு எதையோ எழுதினார். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க உங்களுக்கு வாய் ஓயவில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு எங்களுக்கு முதலே வளவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் மச்சாள் இரண்டு பிள்ளைகளோடும் மீன்வாடிக்கு வருகிற இறாலோடும் மாரடிக்கிற மனிசி. பொழுதுபட அந்த நாடகம் ஒன்றுதான் அவர் காலை நீட்டி இருக்கிற நேரம். கிணற்றடியில் நின்று அழுதார். "ஊரெல்லாம் என்னைச் சிரிக்குது. என்ரை முதுகை நோகடிச்சுத் தூக்கினதுக்கு இதுதானோ?" என்று என்னிடம்தான் கேட்டார். உங்களுக்கும் கேட்டது. நீங்கள் யன்னலை இழுத்துச் சாத்தினீர்கள். அன்று கடைக்கு வந்தவர்கள் தட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள்.

சட்டம் வருமுன், வீட்டுக்கு உதவியாளரை அனுப்புவதைச் சில வீடுகளில் செய்து பார்க்கப் போகிறார்கள் என்று பிறகு தகவல் வந்தது. நீங்கள் கூட்டத்தில் கதைத்ததால் உங்கள் பெயரும் எடுபட்டிருந்தது. ஒரு உத்தியோகத்தர் அம்மா நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றார்கள்.

அவர் வருகிற நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஆட்கள் வெளியார் வந்தால் எப்படி என்று தெரியும்தானே. ஒழுங்கைச் சனம் முழுக்க உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மச்சாள் விடியவே எழும்பி வடை சுட்டார். கட்டிலுக்குப் புது விரிப்பு. முன்வீட்டுக் கதிரைகள், பக்கத்து வீட்டுப் பீங்கான் கோப்பைகள். அந்த ஆளில்லாத வீட்டில் அன்று நிற்க இடமில்லை. நானும் தேத்தண்ணி ஊற்றினேன்.

அதற்கு முதல், அன்று காலையில் நான் வந்தபோது என்ன கண்டேன் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். சலம் போய் விரிப்பு நனைந்து கிடந்தது. பெருவிரலில் இருந்த சின்னப் புண்ணைத் தேடி எறும்பு ஏறியிருந்தது. உணர்வில்லாத கால். நீங்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, "என்ன பிள்ளை, கால்மாட்டிலை என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டீர்கள். சொன்னேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள். "உதை ஒருத்தருக்கும் சொல்லாதை. செத்தாலும் சொல்லாதை." நான் எறும்பைத் தட்டிவிட்டு, கழுவி, பவுடர் பூசி, நல்ல சீலை உடுத்தி உங்களை இருத்தினேன்.

உத்தியோகத்தர் அம்மா நல்ல பண்பான ஆள். தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இரவில் உங்களுக்கு உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று உங்களிடமே கேட்டார். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். வடைத் தட்டோடு மச்சாள் கதவடியில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் வாய் திறந்தீர்கள்.

"என்ரை மச்சாள் ஒரு குறையும் விடுறேல்லை. கூப்பிட்ட உடனை வருவா."

மச்சாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒழுங்கைப் பெண்களும் ஓம் ஓம் என்றார்கள். அந்த அம்மாவும் சந்தோசப்பட்டு, இப்படிச் சொந்தங்கள் அமைவது பாக்கியம் என்று சொல்லிப் போனார். அவர் கண்டதைத்தானே எழுதுவார். உதவியாள் வேறு எங்கோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆட்கள் கலைந்த பிறகு நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். நீங்கள் கூப்பிட்டுச் சொன்னீர்கள். "சபையிலை அவவின்ரை மானத்தை எடுத்தனான். வீட்டிலை வைச்சுத் திருப்பிக் குடுத்திட்டன். போகட்டும். சட்டம் வரட்டும், எல்லாருக்கும்தானே வரப்போகுது." எனக்கு உங்களில் கோபம் வந்தது. கோப்பையோடு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

சட்டம் வரவில்லை. மாரி மழையோடு படுக்கைப்புண் வந்தது. முதலில் காசளவு, பிறகு உள்ளங்கையளவு. ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது இரவும் பகலும் புரட்டிப் போட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தார். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். யன்னல் கடையில் மிஞ்சிய சோப்பையும் தேயிலையையும் நான்தான் பெட்டியில் கட்டினேன்.

அங்கே உங்களைப் பார்க்க வந்தேன். சுத்தமான இடம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் படுக்கை. "இஞ்சை நாடகம் போடுறேல்லை பிள்ளை, எண்டாலும் வெளிச்சத்தோடைதான் படுக்கை" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கவில்லை. "என்னை வீட்டை கொண்டுபோ" என்று என் கையைப் பிடித்தீர்கள். நான் உங்கள் தம்பியிடம் போய்க் கேட்டேன். யார் பார்க்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். காய்ச்சல் வந்து, அது இரத்தத்தில் கலந்து, நீங்கள் வீட்டுக்கு வந்தது பெட்டிக்குள்தான்.

இனித்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது.

புதுச் சட்டம் இன்னும் பாராளுமன்றத்துக்குப் போகவில்லையாம். திருத்துகிறார்களாம். திரும்பவும் கருத்துக் கேட்க வந்தார்கள், இந்த முறை எங்கள் வேதக்கோயில் மண்டபத்துக்கே. முன்வரிசையில் உங்கள் மச்சாளை இருத்தியிருந்தார்கள், உங்களைப் பராமரித்த குடும்பம் என்று. அவர் எழும்பி, உங்களை ராசாத்தி மாதிரி வைத்திருந்ததாகச் சொன்னார். பொய் சொல்லவில்லை அக்கா. அவர் அப்படித்தான் நம்புகிறார்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியாது. எழும்பிவிட்டேன். நனைந்த விரிப்பைச் சொன்னேன். புண்ணைச் சொன்னேன். எறும்பையும் சொன்னேன். சபை நடுவில், பங்குச் சுவாமியாருக்கு முன்னால், உங்கள் உடம்பைப் பற்றி எல்லாம் சொன்னேன். நீங்கள் சொல்லாதை என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தார். குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"எறும்போ? எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

உண்மைதான். காலையில் நான் வந்து கழுவித் துடைத்துப் பவுடர் பூசின பிறகுதான் அவர் உங்களைக் காண்பார். என் கைச் சுத்தம் அவருக்கு ஒன்றும் தெரியாமல் பண்ணிவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. கிணற்றடியில் கண்டால் வாளியை வைத்துவிட்டு உள்ளே போகிறார்.

அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் இருந்தாள். குருநகர்ப் பக்கம். நான் சொல்லி முடிய அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை, நிமிரவும் இல்லை. நான் வெளியே வந்து அவள் வீட்டை விசாரித்து வைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து அங்கே போனேன். தாய் சந்தோசமாக வரவேற்றார். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது. பிள்ளை தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டு இருந்தாள். எப்படியம்மா இருக்கிறாய் என்று கேட்டேன். தாயின் முகத்தை ஒருக்காப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லை அன்ரி. அம்மா எல்லாம் செய்வா" என்றாள்.

கோப்பை என் கையில் இருந்தது. நல்ல சாயம், அளவான சீனி. குடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அப்படித்தான் அந்த உத்தியோகத்தர் அம்மாவும் எழும்பிப் போனார். அவரிலும் எனக்கு இனிக் கோபமில்லை.

அக்கா, உங்களோடு எனக்கு இன்னும் ஒரு கணக்குத் தீரவில்லை. நீங்கள் என்னை நம்பிச் சொன்னதை நான் உடைத்துவிட்டேன். பூசையில் உங்களுக்காகச் செபிக்கிறபோது உங்கள் முகம் வருவதில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த அந்தப் பின்தலைதான் வருகிறது. நீங்கள் என்னோடு கோபமோ என்று எனக்குத் தெரியாது. அதை நான் இனி எங்கே கேட்க? கோபமென்றாலும் இருந்துகொள்ளுங்கள். நான் அதைச் சுமந்துகொண்டே செய்கிறதைச் செய்கிறேன்.

அந்த ஞாயிறு நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அம்மா, கொஞ்ச நேரம் நானும் பிள்ளையும் தனியக் கதைக்கட்டோ என்று கேட்டேன். தாயின் முகம் மாறிப்போனது. என்னத்தைக் கதைக்கப்போறியள் என்று கேட்டார். கொஞ்ச நேரம்தான் அம்மா என்றேன். அவர் தயங்கித் தயங்கி வெளியே போனார். எழும்பிப் போய்க் கதவை நான்தான் சாத்தினேன்.