உன் பி குரூப் வந்த வழி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், வழக்கமாகக் கடிதத்தின் தலையில் எழுதி வைக்கிற நலம் இல்லை, நிஜமாகவே நலம். கர்ப்பப்பையில் இருந்த கட்டியை எடுத்தாயிற்று, கெட்ட கட்டி இல்லையாம், வீட்டுக்கும் வந்துவிட்டேன். நடக்கிறேன், சாப்பிடுகிறேன், அப்பாவைத் திட்டுகிறேன், ஆகவே எல்லாம் பழையபடி என்று புரிந்துகொள். சமையல் அவர்தான். உப்புப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்திலேயே இரண்டு தரம் போட்டுவிடுகிறார், நானும் வாயை மூடிக்கொண்டு விழுங்குகிறேன். இதெல்லாம் போனிலேயே உனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நீ காலேஜில் ரத்தம் கொடுக்கப் போய் பி குரூப் என்று தெரிந்துகொண்டு வந்து, நீங்க ரெண்டு பேரும் ஓ ஆச்சே, எனக்கு மட்டும் எப்படி பி வந்துச்சு, என்னை எங்கிருந்து தூக்கிட்டு வந்தீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டாயே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. போனில் சொன்னால் நான் அழுதே தீர்த்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அன்றைக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு சந்தேகம் என்னை விடவே இல்லை கண்ணு. நீ பிறந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஒரே தள்ளுவண்டியில் வரிசையாகப் படுக்கவைத்துக் கொண்டுவந்து, கட்டில் கட்டிலாகக் கொடுத்துக்கொண்டு போவார்கள். எல்லாம் ஒரே மாதிரித் துணியில் சுற்றின பொட்டலம். மாறிப் போயிருந்தால்? நம் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும்போது உன் வயசுப் பையன் எவனாவது வந்தால் அவன் மூக்கையும் காதையும் பார்ப்பேன், பார்த்துவிட்டு, சீ, எனக்கு என் பிள்ளைதான் வேண்டும், இவன் யாராக இருந்தால் எனக்கென்ன என்று என்னையே வைதுகொள்வேன். ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று அப்பா ஒரு தரம் வாயெடுத்தார். அந்தப் பேச்சை இன்னொரு தரம் எடுத்தால் வீட்டில் அடுப்பே எரியாது என்றேன், அதோடு விட்டார். நீயும் அப்புறம் கேட்கவில்லை, ஊருக்குக் கிளம்புகிற அன்று மட்டும், யாருக்குப் பொறந்தா என்னம்மா, நீதான் என் அம்மா என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய், தெரியும். ஆனாலும் அந்த முதல் பாதி எனக்கு ஆறவே இல்லை.

சரி, இப்போது கேள். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும், உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். ஓ தானே, இதென்ன பெரிய விஷயம் என்று அப்பா தான் பஸ் ஓட்டுகிற டிப்போவுக்குப் போய் ஓ குரூப் டிரைவர் கண்டக்டர் எல்லோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். பார்த்தவர்கள் ஏதோ ஸ்டிரைக் என்று நினைத்தார்களாம். ஆனால் ரத்த வங்கியில் இருக்கிற பெண், எந்த ரத்தமானாலும் நோயாளியின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டாள். ஒவ்வொருவர் ரத்தமாக என்னுடையதோடு சேர்த்துப் பார்த்தாள், ஒவ்வொன்றும் பால் திரிகிற மாதிரித் திரிந்துபோயிற்று. அப்பாவுக்கு வந்ததே கோபம், கல்யாணத்துக்கு முன்னாலேருந்து இவ ஓ தாம்மா, உங்க மெஷின்தான் கோளாறு என்று கத்தியிருக்கிறார். அவள் அசையவில்லையே! இதை ஏத்தினா உங்க வீட்டம்மா பிழைக்க மாட்டாங்க சார், அப்புறம் யார்கிட்ட கத்துவீங்க என்றாளாம். அந்தப் பெண் நல்லா இருக்கணும். என் ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பியதும் அவள்தான்.

வந்த பதிலை டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம். அந்தச் சவ்வுக்கு வெளியே சர்க்கரைகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி சங்கிலியாக நீட்டிக்கொண்டிருக்குமாம். செல்லுக்கு அது போர்வையும் ஆச்சு, அடையாளமும் ஆச்சு, அதைத் தொட்டுப் பார்த்துத்தான் இது நம்ம ஆள், இது அந்நியன் என்று உடம்பு கண்டுகொள்கிறதாம். அதில் எனக்கு ஒரு சர்க்கரை குறைகிறது என்றதும் உன் அப்பா, எனக்கு சர்க்கரை ஜாஸ்தின்னு திட்டுறீங்க, இவளுக்கு இல்லைன்னு திட்டுறீங்களே என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, இது டீயில போடுறது இல்ல சார், உடம்பு தானே கட்டிக்கிறது என்றார். ரத்தச் செல்லில் அந்தச் சங்கிலியின் நுனியில் ஏ காரர்களுக்கு ஒரு சர்க்கரை, பி காரர்களுக்கு வேறொரு சர்க்கரை. ஓ என்றால் அந்தக் கடைசிச் சர்க்கரை இல்லை, அதைத் தாங்குகிற அடிக்கண்ணி மட்டும் இருக்கும். எனக்கோ அந்த அடிக்கண்ணியே இல்லையாம்! ஏவும் இல்லை பியும் இல்லை என்றதும் எல்லோரும் ஓ என்று எழுதிவிட்டார்கள், நானும் ஓ என்றே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கண்ணியை என் உடம்பு கண்டதே இல்லை, அதனால்தான் டிப்போ ரத்தம் அத்தனையையும் எதிரி என்று அடித்து விரட்டியிருக்கிறது.

இது லட்சத்தில் சிலருக்குத்தானாம், கூடப் பிறந்தவர்களுக்கு இருக்கலாம் என்றார்கள். உன் மாமாவைத் தெரியுமே, ஆள் பார்க்க மலை, ஊசியைக் கண்டால் பஞ்சு. அக்காவுக்குன்னா எவ்வளவு வேணா எடுத்துக்கோங்க என்று மார்தட்டிக்கொண்டு வந்தவன், நர்ஸ் கையைத் துடைக்கும்போதே மயங்கி விழுந்தான். எழுப்பி, படுக்கவைத்து எடுத்தார்கள். அவனுடையது மட்டும் திரியவே இல்லை. அதுதான் இப்போது எனக்குள் ஓடுகிறது.

ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்த மறுநாள் டாக்டரம்மா கேஸைப் பார்த்துக்கொண்டே, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா, என்ன குரூப் என்று கேட்டார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அப்பாதான் தயங்கித் தயங்கி, ஒரே பையன், பி என்றார். அந்தம்மா கொஞ்சம்கூட அதிரவில்லை. ஆமா, அப்படித்தான் இருக்கும், அம்மாவோட ஜீன்ல பி இருக்குன்னு லேப்லயே பார்த்துட்டாங்களே என்றார். பி சர்க்கரையைக் கோக்கிற வித்தை என்னிடம் இருந்திருக்கிறது, கோக்க அடிக்கண்ணிதான் இல்லை. நீ அந்த வித்தையை என்னிடமிருந்தும் அடிக்கண்ணியை அப்பாவிடமிருந்தும் எடுத்துக்கொண்டு பிறந்திருக்கிறாய். உன் அப்பாவிடம் பி என்பதே கிடையாது. அது என்னைத் தவிர வேறு யாரிடமிருந்தும் வந்திருக்க முடியாது ராஜா. நான் ஓவென்று அழுதேன், தையல் பிரிஞ்சா நான் பொறுப்பில்ல என்று நர்ஸ் அதட்டினாள், பிரிந்தால் பிரியட்டும் என்று அழுதேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அப்பாவும் அழுதார், கேட்டால் கண்ணில் தூசி என்பார்.

நீ எந்த டாக்டரிடம் போனாலும் அம்மாவுக்கு இப்படி அரிதான ரத்தம் என்று சொல்லி வை, மறந்துவிடாதே. மாமாவுக்கு ஒரு போன் போடு, மயங்கி விழுந்ததைக் கிண்டல் பண்ணாதே, பாவம். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. லீவு கிடைத்தால் வா, உன் மூக்கை நான் ஒரு தரம் நன்றாகப் பார்க்க வேண்டும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயசு இருக்கணும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா