மாரியம்மன் கோயில் நூல்

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன், தங்கச்சி வாசித்துக் காட்டட்டும்.

கட்டுகஸ்தோட்டைப் பட்டறையில் பயிற்சி நல்லபடி போகிறது. வகுப்பில் லேத் மெசின் கரும்பலகையில்தான் இருந்தது, கடிக்கவில்லை. இங்கே இரும்பையே சுழற்றிக் கத்தரிக்காய் மாதிரி சீவுகிறது.

கிளம்பும்போது கோயில் நூலைக் கையில் கட்டிவிட்டீர்கள் அல்லவா? முதல் நாளே, எனக்கு வேலை பழக்குகிற ஃபாஸில் பாஸ், "கையில நூலோட மெசின் கிட்ட வராதீங்க தம்பி, சுத்தி இழுத்துரும்" என்றார். "அம்மா கட்டினது பாஸ், மெசின்தான் பயப்படணும்" என்றேன். பிறகு அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

இன்று அது வெளியே வந்து, சுற்றுகிற இரும்பில் மாட்டிக்கொண்டது. மழையில் நனைந்து நைந்த நூல், அறுந்துவிட்டது. அவ்வளவுதான்.

மெசினை நிறுத்திய பாஸ், வெகுநேரம் என் மணிக்கட்டை விடவில்லை. "நாளைக்கு நீங்கதான் தனியா ஓட்டணும். இந்தப் பயத்தோட விட்டா இனி கிட்டயே வரமாட்டீங்க" என்றார்.

நூல் அறுந்தது அபசகுனம் என்று நினைக்காதீர்கள். அறாமல் இருந்திருந்தால்தான், அம்மா. புது நூல் கட்டுவதென்றால் வீட்டுச் சாமி படத்தில் கட்டுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டுங்கள்.

பத்து விரலோடும் இருக்கிற,
உங்கள் வாலு