குடம் நிரம்பும் நேரம்

மட்டாஞ்சேரி,
3.2.1978

அன்புள்ள மாயம்மாளுக்கு,

நான் நலம். உன் நலத்தை உடனே எழுது. போன கடிதத்துக்கே பதில் இல்லை. தபால்காரனைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. உங்கள் கோபம் குறைந்தால்தான் வருவேன் என்று உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். சரி, கோபத்துக்காகவே வாசகசாலையில் யோகாசன வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் நாளே ஒரு மணி நேரம் செய்து கழுத்து பிடித்துக்கொண்டது, மிளகு மூட்டை தூக்க முடியவில்லை. சொல்லிக்கொடுக்கிற தங்கப்பன் சேட்டன் சிரிக்கிறார்: "எடோ, பத்து நிமிஷம் போதும். பட்சே தினமும் வேணும்." கோபம் எப்போது போகும் என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கிறார். நீ எப்போது வருகிறாய்?

உன்,
நல்லசிவம்

செங்கோட்டை,
12.2.1978

அத்தானுக்கு மாயம்மாள் வணக்கம்.

கழுத்துக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேயுங்கள். தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வந்தது என் குற்றமா? சாயாவுக்கு நேரமாகிறதென்று குடத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தீர்களே, தெருவே பார்த்தது. நாலு நாள் மூச்சை இழுத்து விட்டால் சரியாகிவிடுமா? ஒரு குடம் நிரம்பும்வரை நீங்கள் என்றைக்காவது குழாயடியில் இருந்ததுண்டா?

மாயம்மாள்

மட்டாஞ்சேரி,
6.3.1978

மாயம்மா,

இப்போது நான்தான் தண்ணீர் பிடிக்கிறேன். குடத்தை வைத்துவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு, கண்ணை மூடி மூச்சு. முதல் வாரம் குடத்தை எட்டி உதைக்கலாம் போல இருந்தது. பக்கத்து வீட்டுச் சரோஜம்மா, "சாமியாரே, குடம் வழியுது!" என்று கத்துகிறாள். இப்போது முதுகுவலி குறைவு. ராத்திரி தூக்கம் வருகிறது. கோபமும் வருகிறதுதான், ஆனால் கை அதற்கு முன்னால் ஓடுவதில்லை. நீ வா. இந்த வாரமே வா.

நல்லசிவம்

செங்கோட்டை,
15.3.1978

அத்தானுக்கு,

'இந்த வாரமே வா' என்கிறதில் பழைய ஆள்தான் தெரிகிறார். தண்ணீர் வருகிற நாளில் யாரும் பொறுமையாக இருக்கலாம். வராத நாளைப் பற்றி எழுதுங்கள்.

மாயம்மாள்

மட்டாஞ்சேரி,
10.4.1978

மாயம்மா,

இன்று தண்ணீர் வரவே இல்லை. குழாயடியில் ஒரே சண்டை. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. காலிக் குடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். பிறகு பள்ளுருத்தி வரை நடந்து, தெரிந்தவர் வீட்டுக் கிணற்றில் கேட்டு வாங்கி வந்தேன். நானே சாயா போட்டேன். குடிக்கும்போது நீ இல்லையே என்று அழுகை வந்துவிட்டது. எப்போது வருகிறாய் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

நல்லசிவம்

செங்கோட்டை,
16.4.1978

அத்தானுக்கு,

கேட்காததால் சொல்கிறேன். சனிக்கிழமை சாயந்தரம் வருகிறேன். பஸ் எப்படியும் பிந்தும். ஸ்டாண்டில் யாரிடமும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருங்கள்.

உங்கள்,
மாயம்மாள்